பூனைக்கு நகம் வெட்டப் போறீங்களா? லஞ்சம் வேண்டாம், கூலி கொடுங்க!

கீறல் இல்லாமல், கலாட்டா இல்லாமல் வீட்டிலேயே வெட்ட ஒரு சுலபமான வழி

"ஏங்க, நீங்க முன்னங்காலைக் கெட்டியா பிடிங்க. கண்ணா, அந்தப் பழைய துண்டை எடுத்துட்டு வா. அத்தை, கதவைச் சாத்துங்க, ஓடிடப் போகுது!"

பூனை வளர்க்கும் வீடுகளில் மாதம் ஒரு தடவையாவது நடக்கும் கூத்து இது. ஒரு பூனை, நாலு பேர், பத்து நிமிடப் போராட்டம். முடிவில் வெட்டியது ஒரே ஒரு நகம். வீட்டுக்காரர் கையில் மூன்று கோடு. பூனையோ பீரோவுக்குப் பின்னால். அடுத்த முறை நகவெட்டியை எடுக்கும் சத்தம் கேட்டாலே போதும், அது மாயமாகிவிடும்!

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் வீட்டில் சர்க்கரை நோய் உள்ள ஒரு பாட்டி இருக்கிறார், தவழும் குழந்தை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டியின் தோல் காகிதம் மாதிரி. லேசாகப் பட்டாலே கிழியும், புண் ஆற நாளாகும். குழந்தையோ பூனையின் வாலைப் பிடித்து இழுக்கும். கடைசியில் ஒருநாள், "இந்தச் சனியனை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுட்டு வாங்க" என்று ஒரு குரல் கிளம்பும். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனையை மார்க்கெட் பக்கம் கொண்டுபோய் விட்டால் அதற்குத் தெருநாயிடமிருந்து தப்பிக்கவும் தெரியாது, இரை தேடவும் தெரியாது. நகம் வெட்டத் தெரியாததால் ஒரு ஜீவன் வீட்டை இழப்பது நியாயமா?

பூனையை அமுக்கிப் பிடிக்க வேண்டியதே இல்லை. அதற்குப் பிடித்த தின்பண்டம், இரண்டு வாரப் பொறுமை, இந்த இரண்டும் போதும். ஆனால் தின்பண்டத்தை எப்போது கொடுக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

எந்தப் பூனைக்கு வெட்ட வேண்டும்?

எல்லாப் பூனைக்கும் தேவையில்லை. பாதி நேரம் வெளியே சுற்றி, மரமேறி, சுவரேறி வரும் நாட்டுப் பூனைக்கு நகம்தான் ஆயுதம். நாய் துரத்தினால் மரத்தில் தொற்றிக்கொள்ள அது வேண்டும். அதன் நகத்தை அப்படியே விட்டுவிடுங்கள். எந்த நகமாவது வளைந்து சதையைத் தொடுகிறதா என்று மட்டும் அவ்வப்போது பாருங்கள்.

அடுக்குமாடி வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைகள் விஷயம் வேறு. நகம் நீண்டு, திரைச்சீலையிலும் கொசுவலையிலும் மாட்டும். மிரண்டு இழுத்தால் நகமே பிய்ந்து வந்துவிடும். வயதான பூனைகளுக்கு இன்னும் ஆபத்து. மூட்டு வலியால் அவை அதிகம் பிராண்டுவதில்லை. நகம் தடித்து, வளைந்து, பாதத்து மெத்தைச் சதைக்குள்ளேயே குத்திவிடும். பூனை நொண்டுகிறதே என்று தூக்கிப் பார்த்தால் சீழ் வைத்திருக்கும்.

பொதுவாக, வீட்டுப் பூனைக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை நுனியை எடுத்தால் போதும். குட்டிகளுக்கு நகம் சீக்கிரம் கூர்மையாகும் என்பதால் வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை பார்க்கலாம்.

எத்தனை நகம்? எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? முன்னங்காலில் ஐந்து ஐந்து, பின்னங்காலில் நாலு நாலு. மொத்தம் 18. முன்னங்காலின் உட்பக்கம் சற்று மேலே கட்டைவிரல் மாதிரி ஒன்று இருக்கும். அது தரையில் படுவதே இல்லை. பலரும் மறந்துவிடுவது அதைத்தான். வளைந்து சதைக்குள் போவதும் பெரும்பாலும் அதுதான்!

நகத்துக்குள் என்ன இருக்கிறது?

நம் நகம் சதைமேல் ஒட்டிய தகடு. பூனையின் நகம் அப்படியல்ல, விரலின் கடைசி எலும்பிலிருந்தே வளர்கிறது. சும்மா இருக்கும்போது உறைக்குள் கத்தி மாதிரி உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். விரலை மேலும் கீழுமாக உங்கள் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இடையே வைத்து மெல்ல அழுத்தினால் நகம் வெளியே எட்டிப் பார்க்கும்.

வெளிச்சத்தில் பாருங்கள். அடிப்பக்கம் ரோஸ் கலரில் ஒரு முக்கோணம் தெரியும். அதில் ரத்தக் குழாயும் நரம்பும் இருக்கின்றன. அதற்கு அப்பால் கண்ணாடி மாதிரி வளைந்த வெள்ளை நுனி. அதில் உயிர் கிடையாது, வெட்டினால் வலிக்காது. ரோஸ் பகுதிக்கு இரண்டு மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். நகம் கறுப்பாக இருந்து ரோஸ் தெரியாவிட்டால், ஊசி போன்ற கூர்முனையை மட்டும் எடுங்கள். கூர் மழுங்கினாலே நம் காரியம் முடிந்தது. அழகாக வெட்ட வேண்டும் என்ற ஆசை வேண்டவே வேண்டாம்.

லஞ்சமும் கூலியும்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

"நாங்களும் தின்பண்டம் கொடுத்துப் பார்த்தாச்சுங்க. வாங்கித் தின்னுட்டு ஓடிடுது" என்று பலர் சலித்துக்கொள்வதுண்டு. அவர்கள் கொடுத்தது லஞ்சம். அதாவது, முதலில் மீனைக் காட்டி அழைக்கிறார்கள். பூனை ஆசையாக வருகிறது. லபக்கென்று பிடிக்கிறார்கள். இரண்டு தடவை இப்படி நடந்தால் பூனை கணக்குப் போட்டுவிடும்: 'மீன் வாசனை வந்தால் ஆபத்து வருகிறது.' அப்புறம் மீனைக் கண்டாலும் ஓடும். ஆசையாகத் தின்ற பொருளே பயமுறுத்தும் பொருளாகிவிடும்.

கூலி அப்படியல்ல. முதலில் வேலை, பிறகு பணம். முதலில் பாதத்தை லேசாகத் தொடுகிறோம். தொட்ட மறுநொடி ஒரு துணுக்கு. தொட்டோம், வந்தது. தொட்டோம், வந்தது. இப்போது பூனையின் கணக்கு மாறுகிறது: 'காலைத் தொட்டால் மீன் வரும்.' சில நாளில் நீங்கள் காலைத் தொட்டதும் பூனை உங்கள் கையைப் பார்க்கும், "எங்கே என் கூலி?" என்கிற மாதிரி. அந்தப் பார்வை வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் தார்ண்டைக் என்ற இளம் ஆராய்ச்சியாளர் பசித்த பூனைகளை மரப்பெட்டிக்குள் விட்டு, வெளியே உணவை வைத்தார். உள்ளே இருக்கும் கயிற்றை இழுத்தாலோ கட்டையை அழுத்தினாலோ கதவு திறக்கும். முதலில் பூனைகள் கடித்தன, பிராண்டின, கண்டபடி முட்டின. தற்செயலாகக் கதவு திறந்தது. திரும்பத் திரும்ப விட்டபோது, வீண் வேலைகளைக் குறைத்து, நேராகக் கயிற்றுக்கே போகத் தொடங்கின. எந்தச் செயலுக்கு நல்ல பலன் கிடைக்கிறதோ அந்தச் செயலை மிருகம் பிடித்துக்கொள்கிறது என்று 1898-ல் அவர் எழுதினார்.

இதில் நமக்கு ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. பூனை பிராண்டுகிறது, நாம் "ஐயோ!" என்று விட்டுவிடுகிறோம். பூனைக்கு என்ன பாடம்? 'பிராண்டினால் விடுதலை!' நாமே பிராண்டக் கற்றுக்கொடுத்துவிடுகிறோம். அதனால், பிராண்டும் நிலைக்குப் போவதற்கு முன்பே, அது அமைதியாக இருக்கும்போதே, நாமாக விட்டுவிட வேண்டும். 'சும்மா இருந்தால் விட்டுவிடுவார்கள், மீனும் தருவார்கள்' என்பதுதான் அது கற்க வேண்டிய பாடம்.

என்ன கூலி கொடுக்கலாம்?

உப்பு, மசாலா எதுவும் போடாமல் வேகவைத்த கோழி, அல்லது முள் எடுத்த மீன். அளவு? துவரம்பருப்பு அளவு போதும். ஒரு தடவைக்கு ஐந்தாறு துணுக்கு. பூனைக்குத் தேவை வாசனையும் ருசியும்தான், வயிறு நிறைவது அல்ல. ஒருநாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டமாகப் போகக் கூடாது.

சைவ வீடுகளில் என்ன செய்வது? கடையில் வாங்கும் பூனை உணவையே கூலியாக்கலாம். நாளைக்குக் கொடுக்கும் அளவில் பத்துப் பதினைந்து உருண்டைகளைத் தனியே எடுத்து வையுங்கள். உப்பில்லாத பனீர்த் துணுக்கும் சில பூனைகளுக்குப் பிடிக்கும். நக்கித் தின்னும் பசை மாதிரியான பூனைத் தின்பண்டங்கள் பாக்கெட்டில் கிடைக்கின்றன. இந்த வேலைக்கு அவை ரொம்ப சௌகரியம்.

கொடுக்கக் கூடாதவை: வெங்காயம், பூண்டு சேர்ந்த எதுவும் கூடாது. அவை பூனையின் ரத்தச் சிவப்பணுக்களையே அழிக்கும். பிரியாணிக் கோழி, குழம்பு மீன் எல்லாம் அதனால்தான் ஆகாது. கருவாட்டில் உப்பு அதிகம். சாக்லெட் விஷம். பால்? வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் ஜீரணமாகாது, வயிற்றுப்போக்குதான் மிச்சம்.

"பிஸ்கட் கொடுத்தா சீண்டவே மாட்டேங்குதே?" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாது! இனிப்பை உணரவேண்டிய இரண்டு ஜீன்களில் ஒன்று அதற்குப் பழுதாகிவிட்டது என்பதை 2005-ல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். அதனால் பிஸ்கட்டும் கேக்கும் அதற்குக் கூலியே அல்ல.

தயாரிப்பு

நகவெட்டி: சின்னக் கத்தரிக்கோல் மாதிரி, நுனியில் அரைவட்டப் பள்ளத்தோடு பூனைக்கென்றே விற்கிறார்கள். அதை வாங்கிக்கொள்ளுங்கள். நாம் உபயோகிக்கும் நகவெட்டி தட்டையாக அழுத்துவதால் பெரிய பூனையின் நகத்தைப் பிளந்துவிடலாம். மழுங்கிய கருவி வெட்டாது, நசுக்கும். பூனைக்கு வலிப்பதற்கு அதுவே காரணமாகிவிடும்.

நேரம்: பூனை ஓடியாடி விளையாடி முடித்த பிறகு, ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால். கொஞ்சம் களைப்பு, கொஞ்சம் பசி. இரண்டும் நமக்குச் சாதகம். குக்கர் விசில், காலிங்பெல், பட்டாசு நேரம் வேண்டாம்.

இடம்: பூனை வழக்கமாகத் தூங்கும் இடம்தான் நல்ல இடம். குழந்தையைப் போல மல்லாக்கப் போட்டுப் பிடிக்காதீர்கள். நீங்கள் தரையில் உட்காருங்கள். பூனை உங்களுக்கு முதுகைக் காட்டி உங்கள் மடிக்கு முன்னால் உட்காரட்டும். கதவைச் சாத்த வேண்டாம். போக வழி உண்டு என்று தெரிந்த பூனை அவ்வளவாக மிரளாது.

பிடரியைப் பிடித்துத் தூக்கும் பழக்கம் வேண்டாம். தாய்ப்பூனை குட்டியைத் தூக்குவது வேறு விஷயம். வளர்ந்த பூனைக்கு அது பயத்தைத்தான் கொடுக்கும். பூனை மருத்துவர்களின் சர்வதேச அமைப்புகள் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டியும் பிடரியைப் பிடிக்க வேண்டாம் என்றே சொல்கிறது.

ஒரு சொல்: "சமர்த்து!" பூனை சும்மா இருக்கும் அந்த நொடியில் இந்தச் சொல்லைச் சொல்லி, உடனே துணுக்கைக் கொடுங்கள். நாளடைவில் இந்தச் சொல்லைக் கேட்டதுமே 'கூலி வருது' என்று அதற்குப் புரிந்துவிடும்.

இரண்டு வாரப் பாடம்

தினம் இரண்டே நிமிடம். அதற்கு மேல் வேண்டாம்.

முதல் 3 நாள்: நகவெட்டி கண்ணிலேயே படக் கூடாது. தோளைத் தடவி, அப்படியே கையை முன்னங்கால் வழியாகப் பாதம் வரை கொண்டுபோய் ஒரு நொடி தொடுங்கள். "சமர்த்து!" துணுக்கு. ஐந்து தடவை செய்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

4 முதல் 6-ம் நாள் வரை: பாதத்தை உள்ளங்கையில் ஏந்தி இரண்டு மூன்று நொடி வைத்திருங்கள். காலை இழுத்தால் நீங்களும் இழுக்காதீர்கள், அதோடு கூடவே கையைக் கொண்டுபோய் மெல்ல விடுங்கள். பழகியதும் ஒரு விரலை மட்டும் மெதுவாக அழுத்தி நகத்தை வெளியே எட்டிப் பார்க்க வையுங்கள். துணுக்கு. ஒவ்வொரு நாளும் வேறு வேறு விரல்.

7 முதல் 9-ம் நாள் வரை: நகவெட்டியைத் தரையில் வைத்துவிடுங்கள். பூனை முகர்ந்து பார்த்தால் துணுக்கு. பிறகு அதன் சத்தத்தைப் பழக்க வேண்டும். சமைக்காத சேமியாவில் நாலைந்து இழைகளைச் சேர்த்துப் பிடித்து, சற்றுத் தள்ளி உட்கார்ந்து நகவெட்டியால் 'டக்' என்று வெட்டுங்கள். துணுக்கு. 'டக்', துணுக்கு. பூனை காதை நிமிர்த்தி உங்களைப் பார்த்தால் சரியான வழியில் போகிறீர்கள். எழுந்து ஓடினால் இன்னும் தள்ளிப்போய் வெட்டுங்கள்.

10 முதல் 12-ம் நாள் வரை: பாதத்தைப் பிடித்து, நகத்தை வெளியே கொண்டுவந்து, நகவெட்டியால் நகத்தைத் தொட மட்டும் செய்யுங்கள். வெட்டாதீர்கள்! துணுக்கு.

13-ம் நாள்: ஒரே ஒரு நகம். நுனி மட்டும். 'டக்', "சமர்த்து!", இந்தத் தடவை இரண்டு மூன்று துணுக்கு சேர்த்தே கொடுங்கள். அவ்வளவுதான், அன்றைய வேலை முடிந்தது. "நல்லா உட்கார்ந்திருக்கே, இன்னொண்ணும் வெட்டிடலாமே" என்று ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். அந்த ஆசைதான் இரண்டு வார உழைப்பையும் கெடுக்கும்.

அதன் பிறகு நாளைக்கு ஒன்றோ இரண்டோ. தினம் இரண்டு நகம் என்றால் 9 நாளில் 18-ம் முடிந்துவிடும். முதலில் வெட்டிய நகம் மறுபடி வளரச் சரியாக இருக்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டியாக வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

இந்த நாள் கணக்கு எல்லாப் பூனைக்கும் பொருந்தாது. சில பூனை ஒரு வாரத்தில் பழகும், சிலதுக்கு இரண்டு மாதம் ஆகும். ஒரு படியில் பூனை நிம்மதியாக இருந்தால்தான் அடுத்த படி. மிரண்டால் முந்தைய படிக்கு இறங்குங்கள். திட்டாதீர்கள், தட்டாதீர்கள்.

வீட்டில் இன்னொருவர் இருந்தால் வேலை இன்னும் சுலபம். நீங்கள் வெட்டுங்கள், மற்றவர் கூலி கொடுக்கட்டும். பாதத்தைக் கையில் எடுத்ததும் ஒரு நீளக் கரண்டியில் தின்பண்டப் பசையைத் தடவி நீட்டினால், பூனை நக்கிக்கொண்டிருக்கும்போதே நகம் வெட்டிவிடலாம். பாதத்தை விட்டதும் கரண்டியையும் எடுத்துவிட வேண்டும். பிள்ளைகளுக்கு இந்தக் கரண்டி வேலை ரொம்பப் பிடிக்கும். நகவெட்டியை மட்டும் அவர்கள் கையில் கொடுக்காதீர்கள்.

போதும் என்று பூனை எப்படிச் சொல்லும்?

பூனை திடீரென்று பிராண்டுவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பிராண்டுகிறது. வால் நுனி பட் பட்டென்று அடிக்கும். காது பக்கவாட்டில் மடங்கும். முதுகுத் தோல் சிலிர்க்கும். பசி இல்லாதபோதும் உதட்டை நக்கும். கண்ணின் கறுப்பு பெரிதாகும். உடம்பு விறைக்கும். ஆசையாகத் தின்ற துணுக்கைத் திடீரென்று முகர்ந்துகூடப் பார்க்காது. இதில் ஒன்று தெரிந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். உறுமலும் சீறலும் அதற்கு அடுத்த கட்டம்.

கை தவறி ரத்தம் வந்துவிட்டால்?

பதற வேண்டாம். சுத்தமான பஞ்சில் சோளமாவைத் தொட்டு நகத்து நுனியில் வைத்து இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். இதற்கென்றே ரத்தம் நிறுத்தும் பவுடரும் மருந்துக் கடைகளில் உண்டு. பத்து நிமிடத்துக்கு மேலும் நிற்காவிட்டால் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.

நம் வீடுகளில் காயம் என்றால் காப்பிப் பொடியை அப்புவார்கள். பூனைக்கு அது கூடவே கூடாது. நக்கிவிடும், காப்பியில் உள்ள கஃபீன் பூனைக்கு விஷம். தண்ணீரில் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினித் திரவங்களும் பூனைக்கு ஆகாது. "பாவம், வலிக்குமே" என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரே ஒரு மாத்திரை பூனையின் உயிரையே எடுத்துவிடும்!

அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து முதல் படியிலிருந்து ஆரம்பியுங்கள்.

உங்களைக் கீறிவிட்டால்?

இதை அலட்சியப்படுத்தவே கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் என்பது நீங்கள் நினைப்பதைவிட அதிக நேரம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

காரணம், ரேபிஸ். நாய் மட்டுமல்ல, பூனை மூலமும் அது வரும். தன் பாதத்தைத் தானே நக்கும் பூனையின் நகத்தில் எச்சில் இருக்கும். ரேபிஸ் சந்தேகம் இருந்தால், ரத்தம் வராத சின்னக் கீறலுக்கும் தடுப்பூசி தேவை. தோல் கிழிந்து ரத்தம் வந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை. இது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். "நம்ம பூனைதானே, தடுப்பூசி போட்டதுதானே" என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். பூனையின் தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். 10 நாள் பூனையைக் கவனிக்கச் சொல்வார்கள். மற்றதை டாக்டர் முடிவு செய்வார். டெட்டனஸ் ஊசி பாக்கி இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பூனைக் கீறல் காய்ச்சல். பார்ட்டோனெல்லா என்ற பாக்டீரியாவால் வருவது. பூனையின் உடம்பில் உள்ள தெள்ளுப்பூச்சியின் கழிவு நகத்தில் ஒட்டி, கீறலில் இறங்குகிறது. ஒன்று முதல் மூன்று வாரத்தில் கீறின பக்கத்து அக்குளிலோ கழுத்திலோ நெறி கட்டும், காய்ச்சல் வரும். பெரும்பாலோருக்குத் தானே சரியாகிவிடும். ஆனால் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் போல எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு ஆபத்தாகலாம். டாக்டரிடம் "வீட்டில் பூனை இருக்கு, கீறிச்சு" என்று மறக்காமல் சொல்லுங்கள். பூனைக்குத் தெள்ளுப்பூச்சி மருந்து போடுவது நகம் வெட்டுவதைப் போலவே முக்கியம்.

வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

நகம் வெட்டினால் சோபாவைப் பிராண்டுவது நிற்குமா?

நிற்காது. பழைய நகத்தோலை உதிர்க்கவும், 'இது என் இடம்' என்று அடையாளம் வைக்கவும் பூனை பிராண்டியே தீரும். ஆனால் கிழிசல் குறையும். ஒரு கட்டையில் தேங்காய் நார்க் கயிற்றைச் சுற்றியோ, கோணிச்சாக்கை இறுக்கிக் கட்டியோ சோபா பக்கத்திலேயே வையுங்கள். பூனை பின்னங்காலில் நின்று முழுசாக நெளிவெடுக்கும் உயரம் இருக்க வேண்டும், ஆடக் கூடாது. அதில் பிராண்டினால் அதற்கும் ஒரு துணுக்கு!

நகத்தையே ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாமாமே?

வேண்டவே வேண்டாம். அது நகத்தை மட்டும் எடுப்பதில்லை, ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையும் வெட்டி எடுப்பது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 2019-ல் சட்டம் போட்டே இதைத் தடை செய்தது.

கர்ப்பிணிகள் பூனைக்கு நகம் வெட்டலாமா?

கர்ப்பிணிகள் பயப்படும் டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தில் வருவது, நகத்தால் வருவதல்ல. இருந்தாலும் அந்தப் பாதம் மணல் தட்டில் நடந்த பாதம்தானே? அந்தச் சில மாதங்கள் வெட்டும் வேலையையும் மணல் தட்டு சுத்தம் செய்யும் வேலையையும் வீட்டுக்காரரிடம் விட்டுவிடுங்கள். பூனையைத் தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

எங்கள் பூனை காலைத் தொட்டாலே கடிக்க வருகிறதே?

முதலில் காலில் வலி இருக்கிறதா என்று கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். நகம் சதைக்குள் போயிருந்தாலும், விரல் வீங்கியிருந்தாலும் வீட்டில் வெட்டக் கூடாது. சர்க்கரை நோயாளிகளும் ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் முரட்டுப் பூனையோடு மல்லுக்கட்ட வேண்டாம். கால்நடை மருத்துவமனையிலேயே வெட்டிவிடுவார்கள். ரொம்பப் பயந்த பூனைக்கு முன்கூட்டியே கொடுக்க அமைதி மருந்தும் எழுதித் தருவார்கள். நீங்களாக மனிதர்களின் தூக்க மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள்.

குட்டியிலேயே பழக்கினால் நல்லதா?

ரொம்ப நல்லது. குட்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, சாப்பிடும்போதும் தூங்கும்போதும் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பழக்குங்கள். பெரிய பூனைக்கு இரண்டு மாதம் எடுக்கும் பாடத்தைக் குட்டி சில நாட்களில் படித்துவிடும்.

கூலியை எப்போதாவது நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். வருஷக்கணக்காகச் சமர்த்தாக உட்காரும் பூனையானாலும் நகம் வெட்டிய பிறகு ஒரு துணுக்காவது உண்டு என்பது அதன் நம்பிக்கை. துவரம்பருப்பு அளவு மீனில் மிச்சம் பிடித்து நாம் என்ன செய்யப் போகிறோம்?

இன்று ராத்திரியே ஆரம்பிக்கலாம். நகவெட்டி இன்னும் வாங்கவில்லையா? பரவாயில்லை, முதல் ஆறு நாளைக்கு அது தேவையே இல்லை. வேகவைத்த மீனில் ஐந்து துணுக்கை எடுத்துக்கொண்டு பூனை பக்கத்தில் போய் உட்காருங்கள். பாதத்தை ஒரு நொடி தொடுங்கள். அப்புறம் கூலியைக் கொடுங்கள். இன்றைக்கு அது போதும்.